சம்பளமில்லாத ரஜா

பிறர் வீட்டு வழக்கைத் தெருவில் நின்று விசாரிப்பது பத்திரிகைக்காரனுடைய தொழில். முந்திரி ஆலையில் பெண்களுக்குப் போனஸ் மறுக்கப்பட்டால் எழுதுகிறோம். கீரிப்பாறை ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டுவோர் வேலைநிறுத்தம் செய்தால், நிருபரை அனுப்பி அவர்கள் கோரிக்கை இன்னதென்று கேட்டு வெளியிடுகிறோம். போக்குவரத்துத் தொழிலாளியின் பஞ்சப்படி, சத்துணவு ஊழியரின் ஓய்வூதியம், உப்பளத்தாரின் கூலி ஆகிய இவை எல்லாவற்றைப் பற்றியும் நமக்கு அபிப்பிராயம் உண்டு. ஆனால் அச்செய்திகளை எழுதி அனுப்பும் மனிதனுக்குச் சென்ற மாதம் சம்பளம் வந்ததா என்று கேட்டால், நம் பத்திரிகைகள் யாவும் ஒரே குரலில் மௌனம் சாதிக்கின்றன. இந்த ஒரு விஷயத்தில் மட்டும் போட்டிப் பத்திரிகைகளிடையே காணப்படும் ஒற்றுமை வியக்கத்தக்கது. அந்த மௌனத்தில் நமக்கும் பங்குண்டு என்பதை ஒப்புக்கொண்டே இன்று இதை எழுதப் புகுகிறோம்.

2020-ம் ஆண்டு மார்ச்சு மாதம் 25-ந் தேதி தேசமெங்கும் ஊரடங்கு வந்தது. களியக்காவிளையில் எல்லை மூடப்பட்டது. ஆரல்வாய்மொழியில் வண்டிகள் நிறுத்தப்பட்டன. நாகர்கோவில் கடைத்தெரு வெறிச்சோடியது. பத்திரிகைகள் மட்டும் அத்தியாவசியச் சேவை என்று விலக்குப் பெற்றன. அச்சு யந்திரங்கள் ஓடின. நிருபர்கள் முகக்கவசம் அணிந்து ஆஸ்பத்திரி வாசலிலும் சோதனைச் சாவடியிலும் நின்றனர். வேலை குறையவில்லை, கூடியது என்பதே உண்மை. ஆயினும் அடுத்த சில வாரங்களுக்குள் பத்திரிகை ஸ்தாபனங்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சிக்கன நடவடிக்கையில் இறங்கின. இந்தியன் எக்ஸ்பிரஸ் சம்பளத்தைக் குறைத்தது, ஹிந்துவும் குறைத்தது. அவுட்லுக் அச்சிடுவதை நிறுத்தி வைத்தது. கல்கத்தாவின் டெலிகிராப், ராஞ்சியிலும் கௌஹாத்தியிலும் இருந்த தன் பதிப்புக்களை மூடியது. சென்னையில் விகடன் ஸ்தாபனத்திலிருந்து நூற்றைம்பதுக்கு மேற்பட்டோர் வெளியே அனுப்பப்பட்டனர். டில்லியில் குவிண்ட் என்னும் செய்தி ஸ்தாபனம் தன் சிப்பந்திகளில் ஒரு பகுதியினரைக் காலவரையின்றிச் சம்பளமில்லாத ரஜாவில் போகச் சொல்லிற்று. பெரிய மரங்களே இப்படி ஆடினால், ஜில்லாத் தலைநகரங்களில் தழைத்த சிறு செடிகளின் கதியைச் சொல்லவும் வேண்டுமோ? அவற்றின் கணக்கை எவரும் எடுக்கவில்லை. எடுப்பதற்குரிய ஆட்களே வேலை இழந்தவர்கள்.

இந்தச் சம்பளமில்லாத ரஜா என்னும் ஏற்பாட்டைச் சற்று உற்று நோக்குவோம். ஆங்கிலத்தில் இதற்கு வழங்கும் 'பர்லோ' என்ற சொல் நம்மவருக்குப் புதிதன்று. வெள்ளைக்கார உத்தியோகஸ்தர் இந்தியாவில் சில வருஷம் வேலை பார்த்தபின் சீமைக்குப் போய் இளைப்பாறி வர எடுத்துக்கொண்ட நீண்ட விடுமுறைக்கு அந்நாளில் அதுதான் பெயர். அதற்குப் படி உண்டு. அந்தப் படியும் நம் வரிப்பணத்திலிருந்து போயிற்று. அந்தப் பழைய சொல் இப்போது படியை இழந்து, இளைப்பாறுதலையும் இழந்து, பட்டினியாகத் திரும்பி வந்திருக்கிறது! 2009-ம் வருஷம் ஜனவரியில் அமெரிக்காவின் பெரிய பத்திரிகைக் கம்பெனிகளுள் ஒன்றாகிய கேனட், தன் சிப்பந்திகளில் பெரும்பாலோரை ஒரு வாரம் சம்பளமின்றி வீட்டிலிருக்கச் சொல்லிற்று. 2020-ல் ஏப்ரல், மே, ஜூன் மூன்று மாதங்களிலும் மாதம் ஒரு வாரமாக அதையே மறுபடி செய்தது. அங்கேயாவது ஒரு நாணயம் இருந்தது. ரஜா வாரத்தில் சிப்பந்தி வேலை செய்யக்கூடாது. காரியாலயத்திலிருந்து வரும் மின்னஞ்சலைத் திறந்து பார்ப்பதும் கூடாது என்று கண்டிப்பாக உத்தரவிட்டிருந்தார்கள். வேலையில்லாதோருக்குச் சர்க்கார் கொடுக்கும் உதவிப் பணத்துக்கு மனுச் செய்யவும் பலருக்கு வழி இருந்தது.

நம் தேசத்தில் அந்த உதவிப் பணம் இல்லை. உத்தரவும் இல்லை. தக்கலையிலோ மார்த்தாண்டத்திலோ இருக்கும் நிருபர் ஒருவர் 'நான் இந்த வாரம் ரஜாவில் இருக்கிறேன்' என்று சொன்னால் யார் கேட்பார்கள்? அவருடைய டெலிபோன் எண் எல்லாப் போலீஸ் ஸ்டேஷனிலும், எல்லாக் கட்சிக் காரியாலயத்திலும் இருக்கிறது. நள்ளிரவில் பாலத்தருகே பஸ் கவிழ்ந்தால் மணி அடிக்கிறது. போகிறார், படம் எடுக்கிறார், செய்தி அனுப்புகிறார். மறுநாள் அது முதற்பக்கத்தில் வருகிறது. சம்பளப் பட்டியலில் மட்டும் அன்று அவர் ரஜா. இதற்கு நாஞ்சில் நாட்டில் பழைய பெயர் ஒன்று உண்டு. திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் ஏழைச் சாதியார் அரண்மனைக்கும் கோயிலுக்கும் கூலியின்றிச் சுமை சுமந்ததை 'ஊழியம்' என்றார்கள். அந்த ஊழியத்தை ஒழிக்க நம் பாட்டனார் காலத்தில் பட்ட பாடு கொஞ்சமன்று. ஒழிந்ததாக நாம் நினைத்திருந்த வழக்கம் நம் தொழிலின் கொல்லைப்புறத்தில் உயிரோடிருப்பதைக் காண நாம் வெட்கப்படுகிறோம்.

நிற்க. முதலாளிகள் தரப்பில் நியாயமே இல்லை என்று நாம் சொல்ல வரவில்லை. வாசகர் கொடுக்கும் விலை காகிதத்துக்கும் அச்சுக்கும் காணாது என்பது தொழில் அறிந்தோர் யாவருக்கும் தெரியும். நகைக்கடையும் ஜவுளிக்கடையும், கல்யாண அறிவிப்பும் கருமாதி அறிவிப்பும் கொடுக்கும் விளம்பரத்தில்தான் பத்திரிகை ஜீவிக்கிறது. ஊரடங்கில் அவை அத்தனையும் ஒரே நாளில் நின்றன. காகிதத்தில் பாதிக்கு மேல் வெளிநாட்டிலிருந்து வரவேண்டியிருந்தது. 2019-ம் ஆண்டு பட்ஜெட்டில் அதன்மேல் நூற்றுக்குப் பத்து வீதம் சுங்கம் விதித்தார்கள். அடுத்த ஆண்டு அதை ஐந்தாகக் குறைத்தார்கள். 2020 மே மாதத்தில் இந்தியப் பத்திரிகாதிபர் சங்கம் மத்திய சர்க்காருக்கு எழுதிய கடிதத்தில், இரண்டு மாதங்களில் நாலாயிரம் கோடி ரூபாய்க்கு மேல் நஷ்டம் என்று கணக்குக் காட்டி, அந்தச் சுங்கத்தை நீக்கவும், இரண்டு வருஷம் வரிவிலக்கு அளிக்கவும், சர்க்கார் விளம்பரக் கட்டணத்தை ஒன்றரை மடங்காக்கவும் கேட்டது. பிறகு 2022-ல் ருஷிய உக்ரெயின் யுத்தம் வந்தது. கப்பல் கூலியும் ஏறியது. காகித விலை இரண்டு வருஷத்துக்கு முன்பிருந்ததைப்போல் இரட்டிப்பைத் தாண்டியது. அவ்வாண்டு மார்ச்சில் இலங்கையில் காகிதம் கிடைக்காமல் 'ஐலண்டு' பத்திரிகையும் அதன் சிங்கள சகோதரியும் சனிக்கிழமைப் பதிப்பை நிறுத்தின. ஆகவே நெருக்கடி பொய்யன்று.

ஆனால் நெருக்கடி உண்மை என்பதால் அதற்குச் சொல்லும் பரிகாரமும் நியாயமாகிவிடுமா? கொடுக்கச் சக்தியில்லை என்கிறவர் அதைக் கணக்கினால் நிரூபிக்கவேண்டும். இது நாம் புதிதாகக் கண்டுபிடித்த தத்துவமன்று. 1958-ல் முதலாவது சம்பள போர்டின் தீர்ப்பைச் சுப்ரீம் கோர்ட் ரத்துச் செய்தபோது, தொழிலின் கொடுக்கும் சக்தியைப் போர்டு ஆராயவில்லை என்பதே முக்கியக் காரணம். அன்று அந்தத் தீர்ப்பைக் கொண்டாடிய முதலாளிகள், சக்தியை ஆராய்வதென்றால் பேரேட்டைத் திறந்து வைக்கவேண்டும் என்ற மறுபாதியை வசதியாக மறந்துவிட்டார்கள். சம்பளம் குறைக்கும் கடிதத்தில் 'இதுவரை கண்டிராத நெருக்கடி' என்ற வாசகம் தவறாமல் வருகிறது. எந்த இலாகாவில் எவ்வளவு நஷ்டம், சென்ற ஐந்து வருஷத்து லாபம் எங்கே போயிற்று, நிர்வாகத்தின் உச்சியில் இருப்போர் எவ்வளவு விட்டுக்கொடுத்தார்கள் என்பது மட்டும் வருவதில்லை. நல்ல காலத்து லாபத்தில் பங்கு கேட்டபோது 'இது எங்கள் சொந்தக் கம்பெனி' என்றவர்கள், கெட்ட காலத்தில் 'நாமெல்லாம் ஒரே குடும்பம்' என்கிறார்கள். கன்னிப்பூவில் விளைந்த நெல் பண்ணையார் பத்தாயத்துக்கு. கும்பப்பூ சாவியானால் அந்த நஷ்டம் அறுப்புக்காரன் தலைக்கு என்பது எந்த ஊர் வழக்கு?

இங்கே ஒரு வாதத்துக்குப் பதில் சொல்லியாகவேண்டும். 'தேசியப் பத்திரிகைகள் தியாகத்தில் வளர்ந்தவை அல்லவா? அந்நாளில் யார் சம்பளம் கேட்டார்கள்?' என்று சிலர் கேட்கிறார்கள். கேட்பவர் பெரும்பாலும் சம்பளம் கொடுக்க வேண்டியவர். ஜி. சுப்பிரமணிய ஐயர் 1882-ல் சுதேசமித்திரனைத் தொடங்கியது பணம் சேர்ப்பதற்கன்று. 1910-ல் திருவிதாங்கூர் சர்க்கார் 'சுதேசாபிமானி' அச்சுக்கூடத்தைப் பறிமுதல் செய்து, அதன் ஆசிரியர் ராமகிருஷ்ண பிள்ளையைச் சமஸ்தானத்துக்கு வெளியே திருநெல்வேலிக்குக் கடத்தியபோது, அவரும் சொந்தக்காரரான வக்கம் மௌலவியும் இழந்ததற்கு எவரும் ஈடு செய்யவில்லை. அவர்கள் முன் நாம் தலைவணங்குகிறோம். ஆனால் தன் பொருளைத் தானே இழப்பதற்குத்தான் தியாகம் என்று பெயர். பிறன் சம்பளத்தைப் பிடித்துக்கொள்வதற்கு வேறு பெயர் இருக்கிறது. தேசபக்தனையும் நவசக்தியையும் நடத்திய திரு. வி. கலியாணசுந்தர முதலியார், 1918-ல் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியபோது அதன் முன்னணியில் நின்றவர் என்பதை இவர்களுக்கு ஞாபகமூட்டுகிறோம். 1943-ல் டி. எஸ். சொக்கலிங்கம் முதலாளியோடு மாறுபட்டுத் தினமணியை விட்டு வெளியேறியபோது உதவியாசிரியர் பலர் அவரோடு வெளியேறினர். அடுத்த ஆண்டு 'தினசரி' பிறந்தது. அக்காலத்து ஆசிரியர் பின்னால் ஆட்கள் போனார்கள். இக்காலத்து ஆசிரியரோ, எந்தெந்த ஆட்கள் போகவேண்டும் என்ற ஜாபிதாவில் கையெழுத்திடும்படி ஆகியிருக்கிறார். அவரைக் குறை சொல்வதைவிட அவருக்காக வருந்துவதே முறை.

சிக்கனத்தால் நஷ்டப்படுவது நிருபரின் குடும்பம் மாத்திரமல்ல. 2017-ம் ஆண்டு நவம்பர் 30-ந் தேதி ஒக்கிப் புயல் நம் கடற்கரையைத் தாக்கியதை வாசகர் மறந்திருக்க மாட்டார்கள். ஆழ்கடலுக்குப் போயிருந்த படகுகள் திரும்பவில்லை. எத்தனை பேர் போனார்கள், எத்தனை பேர் வரவில்லை என்பதில் சர்க்கார் ஓர் எண் சொல்லிற்று. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, நீரோடிக் கிராமங்கள் வேறோர் எண் சொல்லின. பங்குச் சாமியார்கள் வீடு வீடாக எழுதிய பட்டியலை வாங்கி, பெயர் பெயராகச் சரிபார்த்து, கலெக்டர் காரியாலயத்து எண்ணோடு ஒப்பிட்டவர்கள் அந்தக் கரையிலேயே வசித்த சின்ன நிருபர்கள். டிசம்பர் 7-ந் தேதி குழித்துறை ரயில் நிலையத்தில் ஆயிரக்கணக்கானோர் தண்டவாளத்தில் உட்கார்ந்தபோது சென்னையும் டில்லியும் திரும்பிப் பார்த்தன. அதற்கு முந்திய வாரத்தில் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு பெயரையும் எழுதி அனுப்பிய கை எவருடையது? மாதம் ஒரு சிறு தொகையும், வெளிவந்த செய்திக்கு இவ்வளவு என்ற கணக்கும் தவிர வேறொன்றும் பெறாதவருடைய கை அது. செலவைக் குறைக்கும் கத்தி முதலில் விழுவது அந்தக் கையின் மேல்தான்.

2020 ஜூனில், சம்பள வெட்டு உச்சத்தில் இருந்த அதே மாதத்தில், தூத்துக்குடி ஜில்லாவில் சாத்தான்குளம் போலீஸ் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோகப்பட்ட தந்தையும் மகனும் மாண்டார்கள். தேசம் முழுதும் கொதித்தெழுந்த அந்தச் செய்தி அவ்வூர் ஜனங்கள் வாயிலிருந்து புறப்பட்டது. அதைக் காதில் வாங்கிக்கொள்ள ஊரில் ஒருவன் இருந்தால்தான் செய்தி. இல்லாவிட்டால் போலீஸ் குறிப்பில் உள்ளதே சரித்திரம். தாலுகா நிருபர் இல்லாத இடத்தைக் காரியாலய மேஜைகள் இப்போது எதைக்கொண்டு நிரப்புகின்றன என்பதை நாம் அறிவோம்: மந்திரி காரியாலயத்துக் குறிப்பு, கம்பெனி அனுப்பும் குறிப்பு, கட்சிக்காரர் அனுப்பும் படம். பேச்சிப்பாறைத் தண்ணீர் கடைமடைக்கு எட்டவில்லை என்பதை இவற்றுள் எதுவும் சொல்லாது. கால்வாயோரம் சைக்கிளில் போகிறவன்தான் சொல்வான்.

இன்னொன்றும் உண்டு, சொல்வதற்குக் கூசுகிறது. வயிற்றுக்கு இல்லாத நிருபர் எப்படி ஜீவிக்கிறார்? விசேஷ மலருக்கு விளம்பரம் பிடித்துக் கொடு, அதில் கமிஷன் எடுத்துக்கொள் என்கிறது நிர்வாகம். காலையில் எந்த ஆஸ்பத்திரி முதலாளியிடம் விளம்பரம் கெஞ்சினாரோ, மாலையில் அதே ஆஸ்பத்திரியின் தவறை அவர் எழுதவேண்டும்! எழுதுவாரா? பேட்டிக் கூட்டங்களில் 'கவர்' கொடுப்பதைப் பற்றி மேடைதோறும் பத்திரிகை தர்மம் பேசுகிறோம். அந்தக் கவரை வாங்காமலிருக்க ஒருவனுக்கு மாதச் சம்பளம் வேண்டும். சம்பளத்தை நிறுத்திவிட்டு தர்மத்தை எதிர்பார்க்கும் நிர்வாகம், தன் கடையைத் தானே விற்கிறது. உள்ளூர் விஷயத்தை உள்ளூரார் துணிந்து எழுதினால் என்ன நடக்கும் என்பதற்கு நாஞ்சில் நாடே சாட்சி. கவிமணியின் மருமக்கள்வழி மான்மியம் 'தமிழன்' என்னும் பத்திரிகையில் தொடராக வந்ததுதான். பாகமில்லாது பரிதவித்த மனைவி மக்களின் கதை வீடுதோறும் பேசப்பட்டது. 1926-ல் நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டம் பிறந்ததற்கு அந்தப் பேச்சும் ஒரு காரணம்.

சட்டம் என்ன சொல்கிறது? வேலை கொடுக்க முடியாமல் நிறுத்தி வைக்கும் நாட்களுக்குப் பாதிச் சம்பளம் ஈடாகக் கொடுக்கவேண்டும் என்ற விதி, ஆலை, சுரங்கம் முதலியவற்றின் தொழிலாளிகளுக்காக 1953-லேயே தொழில் தகராறுச் சட்டத்தில் சேர்க்கப்பட்டது. அந்த விதிக்குள் வராமலிருக்கத்தான் 'நிறுத்திவைப்பு' என்று சொல்லாமல் 'ரஜா' என்கிறார்கள். அதையும் சிப்பந்தியே மனுச் செய்ததாக எழுதி வாங்குகிறார்கள். 2020 மார்ச்சு 29-ந் தேதி, ஊரடங்கில் சம்பளம் குறைக்காமல் கொடுக்கவேண்டும் என்று மத்திய சர்க்கார் போட்ட உத்தரவு மே மாதத்திலேயே வாபஸாயிற்று. ஜூன் 12-ந் தேதி சுப்ரீம் கோர்ட், முதலாளியும் தொழிலாளியும் பேசித் தீர்த்துக்கொள்ளுமாறு சொல்லிற்று. பத்திரிகையாளருக்கென்று 1955-ல் செய்யப்பட்ட தனிச் சட்டம் ஒன்று இருந்தது. அதன்கீழ்தான் சம்பள போர்டுகள் அமைந்தன; கடைசியாக வந்த மஜீதியா போர்டின் சிபார்சுகள் 2011-ல் அமலுக்கு அறிவிக்கப்பட்டு, 2014-ல் சுப்ரீம் கோர்ட்டால் ஊர்ஜிதமாயின. அப்படியும் கொடுக்காத பத்திரிகைகள்மேல் கோர்ட் அவமதிப்பு வழக்கு 2017 வரை நடந்தது. 2020-ல் பார்லிமெண்டு இயற்றிய புதிய தொழிற்சட்டத் தொகுப்பில் அந்தத் தனிச் சட்டம் கரைந்துவிட்டது. 2025 நவம்பரில் தொகுப்பு அமலுக்கும் வந்துவிட்டது. பத்திரிகையாளருக்கென்று தனியாகச் சம்பள போர்டு அமைக்கும் வழி அதோடு அடைபட்டது. மற்றத் தொழிலாளர்மீது இந்தத் தொகுப்புக்கள் சுமத்தும் பாரத்தைப் பற்றிப் பத்தி பத்தியாக எழுதிய பத்திரிகைகள், தம் சொந்தச் சிப்பந்திகளின் கவசம் கழன்றதை எத்தனை வரிகளில் சொல்லின என்று வாசகரே பழைய இதழ்களைப் புரட்டிப் பார்க்கட்டும்.

ஆகையால் நாம் கோருவது இது. சம்பளம் குறைத்தே தீரவேண்டுமென்றால் குறைப்பு உச்சியிலிருந்து தொடங்கட்டும். குறைத்த தொகை கடனாகப் பேரேட்டில் எழுதப்பட்டு, இன்ன மாதத்திலிருந்து திருப்பித் தரப்படும் என்று கையெழுத்தாகட்டும். சம்பளமில்லாத நாளில் ஒரு வரிச் செய்தியும் வாங்கக்கூடாது. வாங்கினால் அன்று முழுச் சம்பளம். தாலுகா நிருபரின் சொற்பத் தொகையில் கை வைக்கவே கூடாது, அதை வெட்டி எந்தப் பத்திரிகையும் பிழைத்ததில்லை. பத்திரிகையாளர் சங்கங்களும் இந்த விஷயத்தில் தம் கதவைத் திறக்கவேண்டும். அரசாங்க அடையாள அட்டை வைத்திருப்பவரையே பத்திரிகையாளர் என்று எண்ணும் வழக்கத்தால், குலசேகரத்திலும் பூதப்பாண்டியிலும் குளச்சலிலும் வேலை செய்வோர் எந்தச் சங்கத்தின் கணக்கிலும் இல்லை. சர்க்காருக்கும் ஒரு வார்த்தை. விளம்பரப் பாக்கியை வருஷக்கணக்கில் இழுத்தடிப்பது பத்திரிகையின் மூக்கில் கயிறு போடுவதாகும். பாக்கியைத் தீருங்கள், தீர்க்கும்போது, சிப்பந்தி சம்பளம் பாக்கியில்லை என்ற அத்தாட்சியையும் கேளுங்கள்.

நம் வாசகர்களில் பொதுவாழ்வில் ஈடுபட்ட அன்பர் பலர். கிளைக் கூட்டம் நடந்தால் செய்தி வரவேண்டும், தலைவர் வந்தால் படம் வரவேண்டும், நம் பெயர் நாலாவதாகப் போடப்பட்டிருந்தால் இரண்டாவதாக ஏன் போடவில்லை என்று இரவு பதினோரு மணிக்கு நிருபரை எழுப்பிக் கேட்கவேண்டும்! இத்தனை உரிமையும் பாராட்டும் அன்பர் காலையில் டீக்கடைப் பத்திரிகையை இரவல் வாங்கிப் படிக்கிறார். அவரைக் கோபிப்பதற்காக இதைச் சொல்லவில்லை. 1954-ம் ஆண்டு ஆகஸ்டு 11-ந் தேதி மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூடு நடந்து, தமிழகத்தோடு சேரவேண்டும் என்று குரல் கொடுத்தோர் மடிந்தார்கள். அந்தத் தெற்கெல்லைக் கோரிக்கையை வெளியுலகுக்கு எடுத்துச் சொல்வதற்காகவே திருவனந்தபுரத்திலிருந்து தமிழ்ப் பத்திரிகை நடத்தியவர்கள் இருந்தார்கள். நாஞ்சில் நாட்டவரான டி. வி. ராமசுப்பய்யர் 1951-ல் அங்கே தினமலரைத் தொடங்கினார். அந்தப் பத்திரிகைகளைக் காசு கொடுத்து வாங்கிப் படித்த ஜனங்களும் இருந்தார்கள்.

வருகிற மாதத்தில் உங்கள் ஊர் ஏஜண்டுக்குப் பாக்கி இருந்தால் தீர்த்துவிடுங்கள். உங்கள் சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் முந்திரித் தொழிலாளி, தோட்டத் தொழிலாளி கோரிக்கைகளோடு ஒரு வரி கூடச் சேருங்கள்: இந்த ஜில்லாவில் வேலை செய்யும் பத்திரிகை நிருபர், அச்சுத் தொழிலாளி, விநியோகச் சிப்பந்தி எவருக்கும் சம்பளமில்லாத ரஜா கொடுக்கக்கூடாது என்று. அந்தத் தீர்மானத்தை எழுதிக்கொள்ள உங்கள் எதிரே உட்கார்ந்திருப்பவர் பெயரையும், அவருக்குச் சென்ற மாதம் என்ன கிடைத்தது என்பதையும் அன்றே விசாரித்துவிடுங்கள்.